கண்ணாடிக் குடுவையும் கடலடிக் கருவியும்

பாலிகஞ்ச் சர்க்குலர் ரோட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் துறை இருக்கிறது. தினம் அந்த வழியாகப் போய்வரும் நம்மவர்களில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கடலுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அது நூற்றைம்பது வருஷத்துக் கதை.

இந்தியக் கடல் அளவைத் துறை 1874இல் இந்நகரில்தான் தொடங்கியது. அதன் ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலில் 1888 முதல் 1892 வரை மருத்துவராகவும் உயிரியல் அறிஞராகவும் இருந்தவர் ஆல்காக் என்னும் ஆங்கிலேயர். ஆழ்கடலில் வலையை இறக்கித் தரையோடு அரித்து மேலே இழுப்பார்கள். குளிரிலும் அழுத்தத்திலும் வாழ்ந்த உயிர்கள் மேலே வருவதற்குள் பெரும்பாலும் செத்துப்போகும். அவற்றை ஸ்பிரிட்டில் இட்டு, பிடித்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி, சௌரங்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அந்தச் சேகரிப்புகளின் மேல்தான் 1916இல் இந்திய விலங்கியல் அளவைத் துறை எழுந்தது.

இன்று வலைக்குப் பதிலாகத் தானியங்கி நீர்மூழ்கி வந்திருக்கிறது. ஆளும் இல்லை, கப்பலோடு கட்டிய கயிறும் இல்லை. ரேடியோ அலை கடலுக்குள் எட்டாது. ஆகவே பாதையை முன்பே சொல்லி அனுப்பிவிட வேண்டும். அது பாட்டரியில் ஓடி, ஒலியால் தரையை அளந்து, படமெடுத்துத் திரும்பும். கோவா தேசியக் கடலியல் நிறுவனம் செய்த ‘மாயா’, நீரின் ஆக்சிஜனையும் பாசியின் பச்சையத்தையும் அளந்தது. சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ‘ஓஎம்இ 6000’, 2024 டிசம்பரில் இந்தியப் பெருங்கடலில் சுமார் 4500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்று ஒன்றைப் படமெடுத்தது. இத்தகைய ஊற்றுகளைச் சுற்றி, வெயிலே படாமல், ரசாயனத்தை நம்பி வாழும் உயிர்க்கூட்டங்கள் உண்டு.

கொல்லாமல் அறிய முடிகிறதே என்று என்னைப் போன்ற சமணனுக்கு நிறைவுதான். ஆனால் ஒன்று பாருங்கள்: அந்தக் கருவியின் பெயரிலேயே ‘கனிமம் தேடுவது’ என்ற பொருள் இருக்கிறது. கடலடி உலோகத்தைத் தோண்டும் நாள் வந்தால், அங்குள்ள உயிர்கள் என்னாகும்?

நான் வியாபாரி. சரக்கில் கை வைக்குமுன் இருப்பு எழுத வேண்டும் என்பது எங்கள் பாடம். புது நாளேட்டைக் கருவி எழுதுகிறது. ஆனால் படத்தை மட்டும் வைத்துப் புது உயிருக்குப் பெயரிடுவது கடினம். பழைய குடுவையோடு ஒப்பிட்டாக வேண்டும். அந்தப் பேரேடு இருப்பது நம் கல்கத்தாவில். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைச் சௌரங்கிக்கு அழைத்துப் போங்கள்; இந்தக் கதையையும் சொல்லுங்கள்.