பிம்பத்துக்கு 'ஆம்' இல்லை: பொம்பேயும் ஆவணநாடகமும்

பழங்காலத்தைப் பற்றி ஓர் ஆவணநாடகம் வந்தால் நம் கைவசம் இருக்கிற விமர்சன முறை ஒன்றே ஒன்றுதான்: பிழை பிடித்தல். ரோமானியக் குதிரைவீரன் அங்கவடியில் கால் வைத்திருந்தான், அது ஐரோப்பாவுக்கு வந்ததே பல நூற்றாண்டுகள் கழித்துத்தானே; விருந்துத் தட்டில் தக்காளி இருந்தது, அது 16ஆம் நூற்றாண்டில்தானே கடல் தாண்டி வந்தது. இப்படி நாலு பிழையைச் சொல்லிவிட்டால் விமர்சகனின் கடமை முடிந்தது. தயாரிப்பாளர்களும் இதற்குத் தயாராகவே இருக்கிறார்கள். பேராசிரியர்களை ஆலோசகர்களாக வைத்துக்கொண்டு, அங்கவடியைக் கழற்றி, தக்காளியைத் தூக்கிவிட்டு, 'துல்லியமானது' என்று நீட்டுகிறார்கள். நாமும் சரியென்று வாங்கிக்கொள்கிறோம். இந்தக் கொடுக்கல் வாங்கலில் துல்லியம் என்பதன் பொருளே சுருங்கிப்போகிறது என்பதுதான் என் சந்தேகம்.

ரோலான் பார்த் 1950களில் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், 1953இல் வந்த 'ஜூலியஸ் சீசர்' திரைப்படத்தில் எல்லா ஆண்களின் நெற்றியிலும் முடி வந்து விழுவதைக் கவனித்தார். அந்த முடி செய்கிற வேலை ஒன்றுதான். 'இது ரோம்' என்று அறிவிப்பது. 1968இல் எழுதிய இன்னொரு கட்டுரையில் இதையே விரித்தார். கதைக்கு எந்த உபயோகமும் இல்லாத சில்லறை விவரங்கள், உபயோகம் இல்லாத காரணத்தாலேயே 'நாங்கள் நிஜம்' என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆவணநாடகத்தின் சரியான வாளும் சரியான மண்விளக்கும் செய்வது இதைத்தான். அவை சரியாக இருப்பதால், பக்கத்தில் நிற்கிற கற்பனையும் சரியாகிவிடுகிறது. விளக்கின் நம்பகம் விளக்கைப் பிடித்திருக்கிற கைக்கும் ஏறிவிடுகிறது.

ஓர் உதாரணம். 2003இல் பிபிசி 'பொம்பேய்: கடைசி நாள்' என்ற ஆவணநாடகத்தை ஒளிபரப்பியது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த ஊரின் கடைசி மணிநேரங்கள். பாத்திரங்களை வெறுங்கையால் படைக்கவில்லை. அகழ்வில் கிடைத்தவற்றிலிருந்து எடுத்தார்கள். ஜூலியஸ் போலிபியஸ் வீட்டில் கிடைத்த எலும்புக்கூடுகளில் ஒன்று கருவுற்ற இளம் பெண்ணுடையது. படத்தில் அவள் போலிபியஸின் மகள், பக்கத்தில் அவள் கணவன். எலும்பு இருந்தது, கரு இருந்தது. அப்பா, கணவன் என்ற உறவுகள்? அவை எலும்பில் எழுதியிருக்கவில்லை.

இதில் என்ன குற்றம், கதைக்கு உறவு வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த உறவுகளை நாம் எங்கேயிருந்து எடுத்துக் கொடுக்கிறோம்? 1974இல் பொம்பேயில் 'தங்கக் காப்பு வீடு' என்று இன்று அழைக்கப்படும் இடத்தில் ஒரு பெரியவரின் உடல் வடிவம் கிடைத்தது. கையில் காப்பு, மடியில் குழந்தை. பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது தாய்தான். வேறு இரண்டு பேர் தழுவியபடி கிடந்தார்கள். தாயும் மகளும் என்றார்கள், சகோதரிகள் என்றார்கள். 2024 நவம்பரில் 'கரண்ட் பயாலஜி' இதழில் வந்த மரபணு ஆய்வு, வார்ப்புகளில் கலந்திருந்த எலும்புத் துணுக்குகளைச் சோதித்துச் சொன்னது: காப்பு அணிந்தவர் ஆண். மடியிலிருந்த குழந்தைக்கும் அவருக்கும் இரத்த உறவில்லை. தழுவிக் கிடந்த இருவரில் ஒருவராவது ஆண்.

காப்பு என்றால் பெண், மடி என்றால் தாய், தழுவல் என்றால் சகோதரிகள். இந்தச் சமன்பாடுகளில் எது பொம்பேயின் சமன்பாடு? அத்தனையும் பார்த்தவர்களுடையவை. பத்தொன்பது நூற்றாண்டுக்கு முன் செத்துப்போன ஒருவனுக்கு நம் குடும்ப அட்டையை எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த நேரத்தில் யாரோ பெற்ற குழந்தையை ஓர் ஆண் மடியில் வைத்திருந்திருக்கிறான். அவன் அடிமையா, அண்டை வீட்டானா, உறவு முறையில் யாரோவா, தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் ஒரு நகரத்தின் வாழ்வு இருந்தது. 'தாய்' என்ற சொல் விழுந்ததும் அந்தக் கதவு சாத்தப்பட்டது.

நம் பாட்டிமார் கதை சொல்லும்போது 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்' என்றுதான் தொடங்குவார்கள். அந்த 'ஆம்' சாதாரணமானதில்லை. நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன், அதற்கு மேல் என் பொறுப்பில்லை என்பதை ஒரே ஒட்டில் சொல்லிவிடுகிற ஏற்பாடு அது. வரலாற்றாசிரியனுக்கும் 'இருக்கலாம்', 'போலும்' உண்டு. காமிராவுக்கு இது கிடையாது. நடிகை குழந்தையை அணைத்தால் அணைத்ததுதான். 'அணைத்தாளாம்' என்று ஒரு ஷாட் வைக்க முடியாது. பின்னணிக் குரல் 'ஒருவேளை' என்று சொல்லலாம். ஆனால் கண் பார்த்ததை அந்தக் குரலால் அழிக்க முடிவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் படங்கள் எல்லாம் ஆதாரமாகக் கொள்கிற பிரதியில் அந்த 'ஆம்' இருக்கிறது. இளைய பிளினி, டாசிட்டஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்க, எரிமலை வெடித்து ஏறக்குறைய 25 ஆண்டுகள் கழித்து எழுதிய கடிதங்கள் அவை. அன்று அவருக்கு 17 வயது. இருந்தது மிசேனத்தில், வளைகுடாவுக்கு அக்கரையில். அவருடைய மாமா மூத்த பிளினி இறந்ததோ ஸ்டாபியாயில். மாமாவின் சாவைப் பற்றிய கடிதத்தின் முடிவில், தான் நேரில் இருந்து கண்டவற்றையும் உடனடியாகக் கேள்விப்பட்டவற்றையுமே எழுதியிருப்பதாகச் சொல்லி, கடிதம் வேறு, வரலாறு வேறு என்றும் பிரித்துக் காட்டுகிறார். படங்களில் மாமாவின் சாவு நேரடிக் காட்சியாகிறது. பிளினி போட்டுவைத்த கோடு அழிந்துபோகிறது.

தேதி விஷயத்தையும் பார்த்துவிடலாம். நெடுங்காலமாக ஆகஸ்ட் 24 என்றே சொல்லிவந்தார்கள். 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் 17ஐக் குறிக்கும் கரிக்கோட்டு எழுத்து கிடைத்தது. அதில் ஆண்டு இல்லை என்பதால் விவாதம் முடிந்துவிடவில்லை. பிழை பிடிப்பவர்களுக்கு இது பெரிய தீனி. ஆனால் தேதி தவறென்றால் ஓர் எழுத்துவரியை மாற்றினால் போதும். காப்பணிந்தவனைத் தாயாக்கிய காட்சியை எந்த எழுத்துவரி திருத்தும்?

அப்படியானால் ஆவணநாடகமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். பொம்பேயின் உடல் வார்ப்புகளே ஒருவகையில் ஆவணநாடகம்தான். சாம்பல் இறுகி, உடல் மக்கிப்போய், உடலின் வடிவத்தில் வெற்றிடம் மட்டும் மிஞ்சியிருந்தது. 1863இல் ஜுசெப்பே ஃபியொரெல்லி அந்த வெற்றிடங்களில் ப்ளாஸ்டரை ஊற்றினார். இறந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஆனால் ப்ளாஸ்டர் இருக்கிற பள்ளத்தின் அளவுக்குத்தான் நிரம்பும். கதை அப்படியில்லை, பள்ளத்தின் விளிம்பையும் தானே வரைந்துகொள்கிறது.

ஆவணநாடகத்திடம் நாம் கேட்க வேண்டிய துல்லியம் விளிம்பைக் காட்டுவதுதான். அதே அறை, அதே சாம்பல். ஒருமுறை மடியில் குழந்தையோடு தாய், அடுத்த முறை அதே மடியில், அதே காப்போடு, யாரென்று தெரியாத ஓர் ஆண். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டிவிட்டு, எது நடந்தது என்று சொல்லாமல் விடட்டும். காமிராவுக்குக் கிடைக்கக்கூடிய 'ஆம்' அவ்வளவுதான். அதைச் செய்கிற படத்தில் தட்டில் ஒரு தக்காளி இருந்தாலும் நான் மன்னித்துவிடுவேன்.