தனி வயலும் வட்டாரச் சராசரியும்: இந்தியப் பயிர்க் காப்பீட்டில் இழப்பை அளந்த வரலாறு (1915–2025)

முன்னுரை

ஒரு வருவாய்க் கிராமத்தில் 300 விவசாயிகள் சம்பா நெல் பயிரிட்டு, எல்லோரும் காப்பீடு செய்திருப்பதாகக் கொள்வோம். அறுவடை நேரத்தில் அந்தக் கிராமத்தின் நான்கு வயல்களில், வயலுக்கு ஒன்றாக 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அறுக்கப்பட்டு, கிடைத்த நெல் எடைபோடப்படுகிறது. 300 பேருக்கும் இழப்பீடு உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் இந்த 100 சதுர மீட்டரே தீர்மானித்துவிடுகிறது. தன் வயல் முழுவதும் அழுகிப்போனவரும், தப்பித்தவறி நன்றாக விளைந்தவரும் ஏக்கருக்கு ஒரே தொகையைப் பெறுவார்கள். அல்லது இருவரும் ஒன்றும் பெறமாட்டார்கள்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. இழப்பைத் தனி வயலில் அளப்பதா, வட்டாரம் முழுவதற்கும் சேர்த்து அளப்பதா என்று இந்தியாவில் நூறாண்டுக்கும் மேலாக நடந்த விவாதத்தின் விளைவு இது. காப்பீட்டுக் கட்டணம், மானியம், நிறுவனங்களின் லாபம் ஆகியவை பற்றி நிறையப் பேசப்பட்டுள்ளது. அவற்றுக்கு அடிப்படையான இந்த அளவீட்டுக் கேள்வியின் வரலாற்றை இக்கட்டுரை பின்தொடர்கிறது. வறட்சியை மனத்தில் கொண்டு உருவான அளவுகோலை எல்லா ஆபத்துகளுக்கும் நீட்டியதே இன்றைய குறைகள் பலவற்றின் வேர் என்பது இதன் வாதம்.

காப்பீட்டுக்கு முன்: அணாக் கணக்கு

விளைச்சல் இழப்பை வட்டார அளவில் மதிப்பிடும் பழக்கம் காப்பீட்டுக்கு முந்தியது. பிரிட்டிஷ் வருவாய் நிர்வாகத்தில் 16 அணாவை முழு விளைச்சலாகக் கொண்டு, இவ்வாண்டு பயிர் எத்தனை அணா தேறும் என்று அதிகாரிகள் கண்மதிப்பில் சொல்வார்கள். நிலவரியைத் தள்ளிவைக்கவோ தள்ளுபடி செய்யவோ இந்தக் கணக்கு உதவியது. நாணயம் மாறிய பிறகு மகாராஷ்டிரத்தில் இதுவே பைசாக் கணக்காகி, 50 பைசாவுக்குக் கீழ் விளைந்த ஊர்கள் பாதிக்கப்பட்டவையாகக் கருதப்பட்டன.

1876–78 பெரும்பஞ்சத்துக்குப் பின் அமைக்கப்பட்ட ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சியின் குழு 1880இல் அறிக்கை தந்தது. 1883இல் பஞ்ச நிவாரண விதிகளின் மாதிரி உருவானது. துயரத்தின் அறிகுறிகளைப் பார்த்து நிவாரணப் பணிகளைத் தொடங்குவது அதன் நோக்கம். நிவாரணமோ வரித் தள்ளுபடியோ அரசு மனமுவந்து தருவது. முன்கூட்டிப் பணம் கட்டியவர் உரிமையோடு கேட்டுப் பெறும் தொகை என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

மைசூரில் ஒரு மழைக் காப்பீடு

அந்த எண்ணத்தை முறையாக முன்வைத்தவர் மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஜே. எஸ். சக்கரவர்த்தி. 1915 முதல் மைசூர் பொருளாதார இதழில் எழுதிய கருத்துகளைத் தொகுத்து, இந்திய நிலைமைகளுக்கு ஏற்ற வேளாண் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை 1920இல் நூலாக வெளியிட்டார்.

கோடிக்கணக்கான சிறு வயல்களுக்குத் தனித்தனியே ஆள் அனுப்பி இழப்பை மதிப்பிட முடியாது என்பதிலிருந்து அவர் தொடங்கினார். வயலை விட்டுவிட்டு மழைமானியைப் பார்த்தார். வட்டாரத்தில் பதிவாகும் மழை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அங்கே காப்பீடு செய்த எல்லோருக்கும் பணம். விவசாயி பொய் சொல்ல வழியில்லை. அதிகாரி பாரபட்சம் காட்டவும் வழியில்லை.

தனி வயலை விடுத்து வட்டார விளைச்சலைக் காப்பீடு செய்யலாம் என்று அமெரிக்காவில் ஹெரால்டு ஹால்க்ரோ எழுதியது 1949இல். சக்கரவர்த்தியின் திட்டம் அதற்குப் பல ஆண்டுகள் முந்தியது. ஆனால் அவர் முன்வைத்தது வறட்சிக்கான காப்பீடு. வறட்சி ஊர் முழுவதையும் ஒருசேரத் தாக்கும். பக்கத்து வயலுக்குப் பெய்யாத மழை என் வயலுக்கும் பெய்யாது. அதனால்தான் ஒரு கருவியின் அளவு எல்லோருடைய இழப்புக்கும் ஓரளவு பொருந்தும். வெள்ளத்துக்கும் ஆலங்கட்டி மழைக்கும் பூச்சிக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி அவர் திட்டத்தின் எல்லைக்கு வெளியே இருந்தது. பின்வந்தவர்கள் அந்த எல்லையைக் கவனிக்கவில்லை.

அறுத்து எடைபோடும் அறிவியல்

வட்டார விளைச்சலை நம்பத் தகுந்த முறையில் அளக்கும் வழி வேறொரு துறையில் உருவானது. 1920களில் பீகார்–ஒரிசாவில் ஜே. ஏ. ஹப்பாக் நெல் வயல்களில் தற்செயல் தேர்வின்படி சிறு துண்டுகளை அறுத்து எடைபோட்டார். 1930களில் வங்காளத்தில் பி. சி. மஹலனோபிஸ் மாதிரிக் கணக்கெடுப்பைப் பெரிய அளவில் நடத்தினார். 1940களில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பி. வி. சுகாத்மேயும் வி. ஜி. பான்சேயும் பயிர் அறுவடைப் பரிசோதனையை நாடு தழுவிய முறையாக வளர்த்தனர்.

துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் மஹலனோபிஸுக்கும் சுகாத்மேக்கும் கடும் கருத்து வேறுபாடு இருந்தது. துண்டு மிகச் சிறிதானால் ஓரத்துப் பயிர்களும் உள்ளே சேர்ந்து, விளைச்சல் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும் என்று சுகாத்மே 1946இல் காட்டினார். 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் 400இல் ஒரு பங்கு. அறுப்பிலோ எடையிலோ ஒரு கிலோ பிசகினால் ஹெக்டேர் கணக்கில் அது 400 கிலோவாகும். நாட்டின் மொத்த உணவு உற்பத்தியைக் கணிக்கும்போது ஆயிரக்கணக்கான பரிசோதனைகளின் பிழைகள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். ஒரு கிராமத்தின் நான்கு பரிசோதனைகளில் அந்த வசதி கிடையாது. புள்ளிவிவரத்துக்காகப் பிறந்த கருவியைப் பண உரிமையைத் தீர்மானிக்கப் பயன்படுத்தியபோது இந்த வேறுபாடு முக்கியமானது.

தனி வயல் முயற்சியும் அதன் தோல்வியும்

1947–48இல் மத்திய உணவு, வேளாண் அமைச்சகம் காப்பீட்டைப் பற்றி ஜி. எஸ். பிரியோல்கரை ஆராயச் சொன்னது. தனி வயலா, ஒத்த தன்மையுள்ள வட்டாரமா என்பதே அவர் முன்னிருந்த கேள்வி. வட்டாரமே ஏற்றது என்று முடிவானது. ஆனால் மாநிலங்கள் செலவுக்கு அஞ்சி ஒதுங்கின. 1965இல் பயிர்க் காப்பீட்டு மசோதாவும் மாதிரித் திட்டமும் தயாராயின. அவற்றைப் பரிசீலிக்க 1970இல் தர்ம நாராயண் தலைமையில் அமைந்த குழு, இப்போதைக்கு இது உகந்ததல்ல என்று சொல்லிவிட்டது.

ஆயினும் 1972இல் குஜராத்தில் எச்-4 கலப்பினப் பருத்திக்கு ஒரு காப்பீடு தொடங்கியது. பின்னர் பொதுக் காப்பீட்டுக் கழகம் அதை ஏற்று நடத்தி, நிலக்கடலை, கோதுமை, உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கும், தமிழ்நாடு உட்பட வேறு சில மாநிலங்களுக்கும் விரித்தது. இது தனி வயல் முறை. 1978–79 வரை சேர்ந்தவர்கள் 3,110 பேர். கட்டிய கட்டணம் 4.54 லட்சம் ரூபாய். கொடுத்த இழப்பீடு 37.88 லட்சம். வரவைப் போல் எட்டு மடங்குக்கும் மேல் செலவு.

தோல்விக்கான காரணங்கள் பாடநூல் விளக்கத்தோடு ஒத்துப்போயின. ஒவ்வொரு வயலுக்கும் கடந்தகால விளைச்சல் பதிவு இல்லை. ஆபத்து அதிகமுள்ளவரே ஆர்வமாகச் சேர்ந்தார். காப்பீடு இருக்கிறதென்று பராமரிப்பில் கவனம் குறைந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை. இவை மூன்றும் காப்பீடு தரும் பக்கத்தின் அச்சங்கள் என்பது குறிக்கத் தக்கது.

தண்டேகரின் திருப்பம்

பொருளியல் அறிஞர் வி. எம். தண்டேகர் 1976இல் எழுதிய கட்டுரை இந்த அச்சங்களுக்கு விடை தந்தது. இழப்பீட்டை வட்டாரச் சராசரியோடு கட்டிவிட்டால் தனி ஒருவர் தன் வயலைப் புறக்கணித்து ஆதாயம் பெற முடியாது. நன்றாக உழைப்பவருக்கு அவர் உழைப்பின் பலன் மிஞ்சும். 1979இல் தொடங்கிய முன்னோட்டத் திட்டம் இதன்படி நடந்தது. 1984–85 வரை 6.27 லட்சம் விவசாயிகள், 196.95 லட்சம் ரூபாய் கட்டணம், 157.05 லட்சம் இழப்பீடு. கணக்கு முதன்முறையாக நேரானது.

ஆனால் ஆபத்து மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. வட்டாரம் விளைந்து என் வயல் மட்டும் பட்டுப்போனால் அந்த நட்டம் முழுவதும் இனி என்னுடையது. நிறுவனம் ஏமாற்றப்படும் ஆபத்தை நீக்க, விவசாயி விடுபட்டுப்போகும் ஆபத்தை விலையாகக் கொடுத்தார்கள். முன்னதற்கு அறிக்கைகளில் கணக்கு உண்டு. பின்னதற்குக் கணக்கு வைத்தவர் எவருமில்லை.

1985இல் வந்த விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இதே முறையைப் பயிர்க் கடனோடு இணைத்தது. கடன் வாங்கியவர் கட்டாயம் சேர வேண்டும்; தானியங்களுக்கு 2 சதவீதம், பருப்பு, எண்ணெய் வித்துகளுக்கு 1 சதவீதம் கட்டணம். எந்த வட்டாரத்தில் எவ்வளவு ஆபத்து என்று பாராமல் நாடெங்கும் ஒரே விகிதம் வைத்ததால், வறட்சி அடிக்கடி வரும் குஜராத் நிலக்கடலைப் பகுதிகளுக்கு இழப்பீட்டின் பெரும்பங்கு சென்றது. கட்டணத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் வெளியே போனது. 1988இல் காப்பீட்டுத் தொகைக்கு 10,000 ரூபாய் உச்சவரம்பு வந்தது. பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது வங்கியின் கடன் என்ற விமர்சனம் எழுந்ததில் வியப்பில்லை.

1999–2000 ராபி (குளிர்காலச் சாகுபடி) பருவத்தில் தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது; கடன் வாங்காதோரும் குத்தகைதாரரும் சேரலாம் என்றானது. 2003இல் இந்திய வேளாண் காப்பீட்டு நிறுவனம் செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டில் ஆந்திரத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில் பேசிக்ஸ் அமைப்பும் ஐசிஐசிஐ லம்பார்டும் மழை அளவை வைத்து ஒரு காப்பீட்டை நடத்தின. சக்கரவர்த்தியின் கருத்து எட்டு பத்தாண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. 2007இல் அரசின் வானிலைக் காப்பீட்டுத் திட்டம் பின்தொடர்ந்தது. வானிலை நிலையத்திலிருந்து வயல் எவ்வளவு தொலைவோ அவ்வளவுக்கு அளவு பிசகும் என்பது அங்கும் தெரிந்தது.

2016க்குப் பின்: சுருங்கிய அலகு

அளவீட்டு இடைவெளியைக் குறைக்க நிர்வாகம் கண்ட வழி, சராசரி எடுக்கப்படும் வட்டார அலகைச் சிறிதாக்குவது. 2010இல் சோதனையாக வந்த திருத்திய திட்டமும், 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் முக்கியப் பயிர்களுக்குக் கிராமத்தையே அலகாக்கின. தமிழ்நாட்டில் நெல்லுக்கு வருவாய்க் கிராமமும், வேறு பல பயிர்களுக்குப் பல கிராமங்கள் சேர்ந்த பிர்காவும் அலகு. விவசாயியின் பங்கு காரிப் (பருவமழைக் கால) பயிருக்கு 2, ராபிக்கு 1.5, வணிகப் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் 5 சதவீதம். மீதியை ஒன்றிய, மாநில அரசுகள் பகிரும்.

கணக்கு இப்படி நடக்கும். கடந்த ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்தின் சராசரி எடுக்கப்படும். அது ஹெக்டேருக்கு 5,000 கிலோ, பாதுகாப்பு நிலை 80 சதவீதம் என்றால் உத்தரவாத விளைச்சல் 4,000 கிலோ. பரிசோதனையில் 3,000 கிலோ வந்தால் குறைவு நான்கில் ஒரு பங்கு. காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் எல்லோருக்கும் கிடைக்கும். 4,000 கிலோ வந்துவிட்டால் எவருக்கும் இல்லை.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்தப் பருவத்துக்கு மாநிலத்துக்கு 3,000 கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு வந்தது. தாமதம் குறித்துப் போராட்டங்கள் நடந்தாலும், பொதுவான வறட்சியை வட்டார அளவுகோல் பிடித்துவிடும் என்பதற்கு அந்த ஆண்டு சான்று.

வெள்ளம் வேறு மாதிரி. காவிரிப் படுகையில் நவம்பர், டிசம்பர் மழையில் தாழ்வான வயல்கள் மூழ்கும். மேட்டு வயல் தப்பும். வடிகால் தூர்வாரிய பக்கம் தண்ணீர் இரண்டு நாளில் இறங்கும். மறுபக்கம் பத்து நாள் நிற்கும். ஒரே கிராமத்துக்குள் இழப்பு இவ்வளவு மாறுபடும்போது சராசரி யாருடைய நிலைமையையும் சொல்வதில்லை. இதை உணர்ந்தே ஆலங்கட்டி, நிலச்சரிவு, நீர்சூழ்தல் ஆகியவற்றுக்குத் தனி வயலில் மதிப்பிடும் விதி 2016 திட்டத்தில் இருந்தது. விவசாயி 48 மணி நேரத்துக்குள் (2018 முதல் 72 மணி நேரத்துக்குள்) தகவல் தர வேண்டும். ஆனால் 2018 வழிகாட்டுதலில் நெல் போன்ற நீர் விரும்பும் பயிர்களுக்கு நீர்சூழ்தல் நீக்கப்பட்டது. மூழ்கிய பயிரை மதிப்பிடுவது கடினம், முறைகேட்டுக்கு வாய்ப்பு உண்டு என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். 1970களின் பருத்தித் திட்டத்தைக் கவிழ்த்த அதே அச்சங்கள் நாற்பதாண்டுக்குப் பின் நெல் விவசாயியின் பாதுகாப்பைச் சுருக்கின. 2025 நவம்பரில் நெல் நீர்சூழ்தலையும் வனவிலங்குச் சேதத்தையும் 2026 காரிப் முதல் சேர்ப்பதாக ஒன்றிய அரசு அறிவித்தது.

இதற்கிடையே 2020இல் கடன் பெற்றோருக்கும் திட்டம் விருப்பத்தின்பேரில் என்றானது. ஒன்றிய மானியத்துக்கு, பாசனமற்ற பகுதிகளில் 30 சதவீதம், பாசனப் பகுதிகளில் 25 சதவீதம் வரையிலான கட்டண விகிதமே வரம்பானது. 2018க்கும் 2020க்கும் இடையே பீகார், மேற்கு வங்கம், குஜராத் முதலியவை விலகித் தங்கள் சொந்த ஏற்பாடுகளைத் தேடின. 2023 முதல் நெல், கோதுமை விளைச்சல் மதிப்பீட்டில் குறைந்தது 30 சதவீத எடை செயற்கைக்கோள் போன்ற தொழில்நுட்பக் கணிப்புக்குத் தரப்படுகிறது. அறுவாளும் தராசும் தனியாட்சி செய்த காலம் முடிகிறது. சராசரியின் ஆட்சி தொடர்கிறது.

முடிவுரை

அணாக் கணக்கிலிருந்து செயற்கைக்கோள் வரை அளக்கும் கருவி மாறியபடி இருக்கிறது. யாருடைய இழப்பு அளக்கப்படுகிறது என்ற கேள்விக்கான விடை 1979க்குப் பின் பெரிதும் மாறவில்லை. அலகு சிறிதாகச் சிறிதாகப் பரிசோதனைகளின் எண்ணிக்கை பெருகி, அவற்றின் தரம் குறையும். பெரிதானால் தனி விவசாயி மறைந்துபோவார். இந்த இறுக்கத்தை அலகை மட்டும் மாற்றித் தீர்க்க முடியாது.

இவ்வரலாறு காட்டும் வழி, ஆபத்தின் இயல்புக்கேற்ப அளவுகோலைத் தேர்வது. வறட்சி போன்ற பொது ஆபத்துக்கு வட்டாரச் சராசரி போதும், மலிவானதும் கூட. வெள்ளம், ஆலங்கட்டி, விலங்குச் சேதம் போன்ற திட்டுத்திட்டான ஆபத்துகளுக்கு வயல் மதிப்பீடு இன்றியமையாதது. அதற்கான ஆட்களும் செலவும் காப்பீட்டுக் கட்டணத்தின் ஒரு பகுதியாகவே திட்டமிடப்பட வேண்டும். பரிசோதனை நடந்த வயலும் எடையும் உத்தரவாத விளைச்சலும் கிராமந்தோறும் வெளியிடப்பட்டால், விவசாயி தன் இழப்பீட்டுக் கணக்கைத் தானே சரிபார்க்கலாம். சாகுபடிப் பதிவேடான அடங்கலில் பெயர் ஏறாத குத்தகைதாரர் எந்த அளவுகோலிலும் சிக்கமாட்டார் என்பதால், சாகுபடி செய்பவரைப் பதிவுசெய்வது இவை எல்லாவற்றுக்கும் முதல் படி. நிறுவனம் ஏமாறும் ஆபத்தை ஐம்பதாண்டுகளாகக் கணக்கிட்டு வந்திருக்கிறோம். விவசாயி விடுபடும் ஆபத்தையும் ஆண்டுதோறும் அதே கறாரோடு கணக்கிட்டு வெளியிடும்வரை, எந்தப் புதிய திட்டத்தின் வெற்றி தோல்வியையும் முழுமையாகச் சொல்ல முடியாது.