பேஸ்மட்டத்துக்குள் இருக்கும் மண்

மதுரைக் கொத்தனார் 'பேஸ்மட்டம்' என்று சொல்வது நிலவறையை அல்ல. தெருமட்டத்துக்கு மேலே கருங்கல் கட்டி, உள்ளே மண் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கிய மேடையை. நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயுவைப் பற்றிப் பேச்சு வந்தால், "நம் ஊரில்தான் நிலவறையே இல்லையே" என்று தள்ளிவிட இது வசதியாகிறது. 1984-ல் பென்சில்வேனியாவில் அணுமின் நிலைய ஊழியர் ஒருவர்மீது கதிரியக்கம் ஒட்டியிருப்பதாக நிலையத்துக் கருவி எச்சரித்தது. தேடிப் பார்த்தால், அது அவருடைய வீட்டில் நிறைந்திருந்த ரேடானிலிருந்தே வந்திருந்தது. அதிலிருந்து ரேடான் என்றாலே குளிர்நாட்டு நிலவறை என்ற எண்ணம் பதிந்துவிட்டது. ஆனால், மதுரை வீட்டுக்குப் பாதுகாப்பாக இருந்தது நிலவறை இல்லாதது மட்டுமல்ல. வீட்டுக்குள் தடையின்றி ஓடிய காற்றுதான் பெரிய காவல்.

இந்தச் சமவெளியின் அடியில் கிடப்பது ஆனைமலையிலும் மேலூர்க் குன்றுகளிலும் தலைகாட்டும் கெட்டிப் பாறை. அதில் சிறிதளவு யுரேனியம் உண்டு. அது சிதைந்து ரேடியமாகி, ரேடியம் ரேடானாகிறது. 3.8 நாளில் பாதியாகக் குறையும் இந்த வாயு, அதற்குள் மண்ணின் இடுக்குகள் வழியே மேலேறிவிடும். பேஸ்மட்டத்தில் நிரப்புவதும் பாறை உதிர்ந்த மண்தான். பழைய வீட்டின் திண்ணையும் ரேழியும் வானம் பார்த்த முற்றமும் இடுக்குள்ள ஓட்டுக்கூரையும் உள்ளே வந்ததை வெளியேற்றின. அவையெல்லாம் வெயிலுக்காகக் கட்டியவை, ரேடானுக்காகவா என்று கேட்டால், இல்லைதான். டோர்ன் என்ற ஜெர்மானியர் 1900-ல் கவனித்த வாயுவை முன்னோர் அறிந்திருக்க வழியில்லை. அந்தப் பெருமையை அவர்களுக்குச் சூட்ட வேண்டாம். பலன் மட்டும் மெய். மண்தரையைவிடச் சிமென்ட் தரை வாயுவைத் தடுக்குமே என்பது பாதி உண்மை. சுவரும் தரையும் சேரும் விளிம்பிலும், குழாய் நுழையும் துளையிலும் வழி இருக்கிறது. முற்றத்தைக் கான்கிரீட்டால் மூடி, ஏசிக்காக ஜன்னலையும் சாத்தியபின், வந்தது வெளியே போவதுதான் கடினம். பகலெல்லாம் கதவு திறந்திருக்கிறதே என்பவர்கள், மூடிய அறையில் உறங்கும் எட்டு மணி நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கிணறு தூர்வாருகிறவர்கள் முதலில் விளக்கைக் கயிற்றில் இறக்குவார்கள். சுடர் அணைந்தால் இறங்க மாட்டார்கள். வேப்பங்குலையை இறக்கி ஏற்றிக் காற்றைக் கலக்குவார்கள். மண்ணுக்குள் இருக்கும் காற்றைச் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பது நம் பழக்கமே. ரேடானுக்கு நிறமில்லை, மணமில்லை, சுடரையும் அது அணைக்காது. அதற்கு எல்ஆர்-115 என்ற மெல்லிய பிலிமை வீட்டில் சுமார் மூன்று மாதம் தொங்கவிட்டு, பிறகு காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். ரேடான் சிதையும்போது வெளிப்படும் ஆல்பா துகள் பட்ட இடங்கள் நுண்ணிய துளைகளாகத் தெரியும். அவற்றை எண்ணுவதுதான் சோதனை. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ரேடானுக்குப் பரிந்துரைத்த வரம்பு, கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கரல் (கதிரியக்க அலகு). புகைபிடிக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருவதற்கு ரேடான் முக்கியக் காரணம். அளவு மிகுந்தால், விரிசலை அடைத்து ஜன்னலைத் திறந்து வைக்கலாம். புது வீடு என்றால், தரைக்கு அடியில் ஜல்லி பரப்பி, அங்கிருந்து மொட்டைமாடிக்கு மேல்வரை ஒரு பிவிசி குழாயை ஏற்றிவிடலாம். பேஸ்மட்டத்தை நிரப்பும் நாளிலேயே செய்தால், கொத்தனாருக்கு அது சின்ன வேலை.