ஏறாவூர் அடுக்களையில் மாவண்டு: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் வடபுறத்தே அமைந்த ஏறாவூரில், மாப்பேணியைத் திறப்போர் உள்ளே செந்நிற வண்டு ஊர்கின்றதா என்றே முதலிற் பார்ப்பர். வண்டு காணப்படின் பழி அவ்வீட்டுப் பெண்ணையே சாரும். மாவைப் பேணத் தெரியாதவள் எனும் ஏளனமும் உடன் எழும். இப்பழி எத்துணை நியாயமானது? வண்டு எம் அடுக்களையிற் குடிபுகுந்த வரலாற்றை ஆராயின், ஒரு பெண்ணின் கவனக்குறைவைவிட உலகப் போரும் கப்பலும் பங்கீட்டு முறையுமே அதற்குப் பெரிதும் பொறுப்பாவன என்பது புலனாகும்.

செந்நிற மாவண்டுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் திரிபோலியம் கஸ்தானியம் என்பதாகும். இதனை 1797ஆம் ஆண்டில் ஹேர்ப்ஸ்ட் எனும் ஜேர்மானிய அறிஞர் விவரித்தார். மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றர் நீளமே உடைய இவ்வுயிர், முழுத் தானியத்தைத் துளைக்கும் வல்லமையற்றது. அரிசிவண்டுக்கு உள்ள நீண்ட மூக்கு இதற்கில்லை. உடைந்த மணியும் நொய்யும் தவிடும் மாவுமே இதன் உணவு. உமியுள் உறங்கும் நெல் மாவண்டுக்கு எட்டாத பண்டமாகும். இந்நுணுக்கத்தை மனத்திருத்தியே எமதூர் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

வெள்ளாண்மையை வாழ்வாகக் கொண்ட எம் முன்னோர், விளைந்த நெல்லை அவணக் கணக்கில் அளந்து, உலர்த்திச் சேமித்தனர். மா சேமிக்கும் பண்டமாக இருந்ததில்லை. பிட்டுக்கோ இடியப்பத்துக்கோ வேண்டியபோது பச்சையரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, அரித்து, வறுத்துப் பயன்படுத்தினர். இடித்த மா சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். அதனுள் வண்டு தலைமுறை கண்டு பெருகுவதற்குக் கால அவகாசம் ஏது? அக்காலத்து வீட்டாரின் பகைவர்கள் அந்தும் அரிசிவண்டும் எலியுமே. மாவண்டின் தாயகம் இந்தியாவை உள்ளடக்கிய வெப்பப் பிரதேசமே என்பது அறிஞர் பலரின் கருத்து. எனவே வண்டு எமக்கு அந்நியமன்று; மாதக்கணக்கிற் கிடக்கும் கோதுமை மாவே அந்நியமானது.

அம்மாற்றத்தின் திருப்புமுனை 1942ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் கைப்பட்டது. இலங்கை பெரிதும் நம்பியிருந்த பர்மிய அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது; அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா மக்களிடையே பரவிற்று. போர் முடிந்த பின்னரும் மா விடைபெறவில்லை. 1953இல் அரிசியின் பங்கீட்டு விலை கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடே கொந்தளித்து ஹர்த்தாலில் இறங்கியது. அரிசி அரசியற் சிக்கலாயிற்று. அந்த இடைவெளியை நிரப்பியது மா. பின்னர் அமெரிக்க உதவி மாவும் வந்தது. 1970களின் நெருக்கடியிற் பாணுக்கு வரிசையில் நின்ற தலைமுறையினர் இன்றும் எம்மிடையே உளர்.

இம்மா கடல் கடந்து, கிட்டங்கிகளிற் கிடந்து, சங்கக்கடை வழியே வீட்டுக்கு வருவது. ஒரு பெண் வண்டு பல நூறு முட்டைகளை இடும். முட்டைமேல் உள்ள பசையில் மாத்துகள் ஒட்டிக்கொள்வதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. முப்பது பாகை செல்சியசு அளவிலான வெப்பத்தில், ஏறத்தாழ ஒரு மாதத்துள் முட்டை குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, வண்டாகிவிடும். மூன்று மாதம் கிட்டங்கியிற் கிடந்த சாக்கில் எத்தனை தலைமுறை தோன்றியிருக்கும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம். தூய்மையான மா என நம்பிப் பேணியில் இட்டவள், முட்டையையும் சேர்த்தே இட்டாள்.

பங்கீட்டு மாவை வீசியெறிய ஏழைக் குடும்பத்தால் இயலாது. ஆகவே அரிதட்டும் வெயிலும் துணையாயின. அரித்தால் வண்டு தங்கும். நுண்ணிய முட்டையோ துளைவழி மாவுடனேயே இறங்கிவிடும். ஆயின் கோதுமை மாவைத் துணியிற் கட்டி ஆவியில் அவித்து, கட்டி உடைத்து அரிக்கும் வழக்கம் எம் பெண்களிடையே வேரூன்றியது. இடியப்பம் பசைபோல் ஆகாதிருக்கவே அவ்வாறு செய்வதாக மூத்தம்மாமார் கூறுவர். ஏறத்தாழ அறுபது பாகை வெப்பத்தில், முட்டை முதல் வண்டு வரை எல்லாப் பருவமும் சில நிமிடங்களில் மடியும் என்பது ஆய்வு காட்டும் உண்மை. சுவை கருதிச் செய்த செயல் பூச்சிக்கொல்லியின் பணியையும் ஆற்றியது! எனினும் வண்டு மிகப் பெருகிய மாவுக்கு அவித்தலும் உதவாது. வண்டு சுரக்கும் குயினோன் எனும் சேர்வை, மாவுக்கு இளஞ்சிவப்பு நிறத்தையும் கார நெடியையும் ஊட்டிவிடும்.

ஈண்டு ஒன்று கூறாதிருத்தல் இயலவில்லை. எம் பெண்கள் சபித்து வீசிய இவ்வுயிரையே சிக்காகோவில் தோமஸ் பார்க் எனும் அறிஞர் மாப்புட்டிகளில் வளர்த்தார். ஒரே உணவுக்கு இரு மாவண்டினங்கள் போட்டியிடின் எது எஞ்சும் என ஆராய்ந்து, 1948இல் அவர் வெளியிட்ட முடிவு சூழலியலில் அழியா இடம் பெற்றது. நோயூட்டும் ஒட்டுண்ணி ஒன்று உடனிருக்கையிற் பெரும்பாலும் ஓரினம் வென்றது; அஃது இல்லாதபோது மற்றையது வென்றது.

1977இல் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின் பயனாகத் திருகோணமலையில் பிறீமா மாவாலை எழுந்து, 1980இல் இயங்கத் தொடங்கியது. மாவுக்குப் பதிலாகக் கோதுமை மணி கப்பலேறி வந்து கிழக்கிலேயே அரைபடலாயிற்று. மாவின் கடற்பயணம் நீங்கியதெனினும், ஆலைக்கும் அடுக்களைக்கும் இடையே கிட்டங்கியும் கடையும் இன்றும் உள்ளன. இவ்வண்டு பொதியைத் துளைப்பதிற் பெரும்பாலும் வல்லதன்று. தையலின் ஊசித்துளையும் மடிப்பின் இடுக்குமே அதற்குப் போதிய வாயில்களாகும்.