'மோரோ' என்ற ஸ்பானியச் சொல்லும் நமது பெயரும்

சென்ற வருடம் மகளின் படிவமொன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். தமிழில் உள்ள பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் 'இலங்கைச் சோனகர்' என்றிருந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'சிலோன் மூர்' என்றிருந்தது. தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மகள் கேட்டாள்:

"வாப்பா, மூர் எண்டா என்ன? நாம மொரோக்கோவில இருந்தா வந்த?"

"இல்ல மகள். அது போர்த்துக்கேயன் வெச்ச பேரு."

"அப்ப அவனுக்கு அந்தப் பேர் எங்கால கிடைச்ச?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், வரலாற்று ஆசிரியராக இருந்த காலத்தில் பல வருடங்கள் நானே மாணவர்களுக்கு, "மூர் என்றால் மொரோக்கோக்காரர், நமது முன்னோரில் ஒரு பகுதியினர் அங்கிருந்து வந்தவர்கள்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது பிழை என்று பின்னர்தான் விளங்கிற்று. அந்தப் பிழையைத் திருத்தவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

போர்த்துக்கேய மொழியின் 'மோரு'வும் ஸ்பானிய மொழியின் 'மோரோ'வும் ஒரே லத்தீன் சொல்லின் இரு உருவங்கள். 'மௌருஸ்' என்பது அந்த லத்தீன் சொல். இன்றைய மொரோக்கோவின் வடபகுதியையும் அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியையும் உரோமர் 'மௌரெத்தானியா' என்றழைத்தனர். அங்கு வாழ்ந்தவர் 'மௌருஸ்'. அந்த நாளில் அது ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே. இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய சொல் என்பதால் அதில் மார்க்கத்தின் வாடையே கிடையாது.

கி.பி. 711இல் தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்து ஸ்பெயினில் இறங்கியபோது அவருடைய படையில் பெரும்பாலானோர் பர்பர்கள். அதாவது பழைய மௌரெத்தானியாவின் மக்கள். ஆகவே ஐபீரியக் கிறிஸ்தவர்கள் அவர்களை 'மோரோ' என்றது அன்றைக்குச் சரிதான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் டமஸ்கஸிலிருந்தும் யெமனிலிருந்தும் அரபிகள் வந்தனர். அந்த மண்ணிலேயே பிறந்து இஸ்லாத்தை ஏற்றவர்களும் பெருகினர். இரண்டு மூன்று தலைமுறையில் அந்தலூஸ் முஸ்லிம்களில் பெருந்தொகையினர் அதே மண்ணின் பிள்ளைகளாகிவிட்டனர். கிறிஸ்தவ அரசுகளோ அரபியையும் பர்பரையும் உள்ளூரானையும் பிரித்துப் பார்க்கவில்லை, எல்லோரும் 'மோரோ'தான். ஊரின் பெயர் மார்க்கத்தின் பெயராக மாறியது இப்படித்தான்.

இன்று ஸ்பானிய அகராதியைத் திறந்தால் இந்தச் சிறிய சொல்லுக்கு எத்தனை பொருள்! வட ஆபிரிக்காவைச் சேர்ந்தவர், முஸ்லிம், அந்தலூஸில் 8ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த முஸ்லிம், பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ முஸ்லிம். இவையெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. நெற்றியில் வெள்ளைப் புள்ளியும் காலில் வெள்ளையும் கொண்ட கருங்குதிரையும் 'மோரோ'. ஞானஸ்நானம் பெறாத குழந்தையும் 'மோரோ'. தண்ணீர் கலக்காத மதுவும் 'மோரோ'தான்! தண்ணீர் ஊற்றப்பட்டது 'ஞானஸ்நானம் பெற்ற' மது, ஊற்றப்படாதது மோரோ என்று சாராயக் கடைக்காரர்கள் பண்ணிய பகிடி. மதுவைத் தொடாத ஒரு சமூகத்தின் பெயரை மதுவுக்கே வைத்துவிட்டார்கள். மனைவியைச் சந்தேகித்து அடக்கிவைக்கும் கணவனையும் பேச்சு வழக்கில் 'மோரோ' என்பார்கள். இந்தக் கடைசிப் பொருள் பகிடியல்ல, வசை.

பழமொழிகளில்தான் சரித்திரம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 'கரையில் மோரோக்கள் இருக்கிறார்கள்' என்றால், கவனமாகப் பேசு, யாரோ காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். வட ஆபிரிக்கக் கடலோடிகளின் தாக்குதலுக்கு அஞ்சி ஸ்பெயினின் மத்தியதரைக் கரையெங்கும் காவற் கோபுரங்கள் கட்டியிருந்த காலத்தின் மிச்சம் அது. 'செத்த மோரோவுக்குப் பெரிய ஈட்டிக்குத்து' என்றால், திருப்பி அடிக்க முடியாதவனிடம் வீரம் காட்டுவது. 'பொன்னையும் மோரோவையும் தருவதாகச் சொல்வது' என்றால், முடியாததை எல்லாம் வாக்குறுதி கொடுப்பது. நம்மூர் தேர்தல் மேடைக்கு நன்றாகப் பொருந்தும். 'ஒன்றில் எல்லோரும் மோரோ, அல்லது எல்லோரும் கிறிஸ்தவர்' என்பது, ஆளுக்கொரு நீதி கூடாது என்பதற்குச் சொல்வது. வசையும் அச்சமும் நியாயமும் ஒரே சொல்லில் குந்திக்கொண்டிருக்கின்றன.

சாப்பாட்டிலும் இச்சொல் உண்டு. கியூபாவில் கறுப்பு அவரையும் வெள்ளைச் சோறும் சேர்ந்த உணவுக்குப் பெயர் 'மோரோக்களும் கிறிஸ்தவர்களும்'. ஸ்பெயினில் மசாலா தடவிக் கம்பியில் குத்திச் சுடும் இறைச்சியை 'மோரோவின் குத்து' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். இன்று அதைப் பெரும்பாலும் பன்றி இறைச்சியில் செய்கிறார்கள் என்று அறிந்தபோது சிரிப்பதா கோபப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை. அல்கோய் நகரில் ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் மோரோக்களும் கிறிஸ்தவர்களுமாக இரு அணி பிரிந்து பழைய போரை விழாவாக நடிக்கிறார்கள். முடிவில் எந்த அணி வெல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். சந்தியாகோ தேவாலயத்திலோ குதிரைமீதமர்ந்து மோரோக்களை வெட்டும் புனித யாக்கோபின் சிலை உண்டு. அவருக்கு 'மோரோக் கொல்லி' என்றே பட்டம். காலடியில் வெட்டுண்டு கிடக்கும் உருவங்கள் தெரியாதபடி இப்போது பூக்களை வைத்து மறைக்கிறார்கள். இதில் இன்னுமொரு விசித்திரம்: 1936இல் உள்நாட்டுப் போரைக் கிறிஸ்தவச் சிலுவைப் போர் என்று சொல்லி நடத்திய பிராங்கோ, அதற்குப் பல்லாயிரம் மொரோக்கோ வீரர்களைக் கொண்டுவந்தார். பின்னர் அவருடைய மெய்க்காவல் படைக்கே 'மோரோக் காவல்' என்று பெயர்.

இச்சொல்லைச் சுமந்தவர்களின் கதைக்கு வருவோம். 1492 ஜனவரி 2இல் கிரனடா வீழ்ந்தது. மார்க்கத்தைப் பின்பற்றலாம் என்று ஒப்பந்தத்தில் வாக்களித்தார்கள். பத்து வருடம்கூட அந்த வாக்கு நிற்கவில்லை. 1502இல் கஸ்தீலியாவில், ஒன்றில் ஞானஸ்நானம், அல்லது நாட்டை விட்டுப் போ என்றார்கள். 1526இல் அரகோனிலும் அதே கதி. மதம் மாற்றப்பட்டவர்களுக்கு 'மொரிஸ்கோ', அதாவது குட்டி மோரோ, என்று பெயர். பெயர் மாற்றி, உடை மாற்றி, மொழி மாற்றியும் அந்தச் சொல் அவர்களை விடவில்லை.

அரபு பேசத் தெரியாமல் போன அம்மக்கள் ஒரு வேலை செய்தார்கள். ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். துஆக்கள், பிக்ஹு, நபிமார் வரலாறு எல்லாம் அப்படி எழுதப்பட்டன. 'அல்ஹமியாதோ' என்று அதற்குப் பெயர். 1884இல் அல்மொனசித் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை உடைத்தபோது, ஒளித்துவைத்த அத்தகைய ஏடுகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. நமது மூத்தம்மாமார் அரபுத்தமிழில் மாலைகளும் தலைப்பாத்திஹாவும் ஓதி வளர்ந்த வீட்டில் பிறந்த எவருக்கும் இந்தச் செய்தியை வாசிக்கும்போது கை நடுங்கும். அவர்களை நமக்குத் தெரியாது. நம்மை அவர்களுக்கும் தெரியாது. இரு மக்களும் தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தீனைக் கொடுக்க ஒரே வழியைக் கண்டார்கள்.

இன்னுமொன்றையும் சொல்ல வேண்டும். மோரோ என்ற சொல்லைப் பகைவர் மட்டும் பாவிக்கவில்லை. செகோவியா நகரத்து அறிஞர் ஈஸா இப்னு ஜாபிர், அரபு தெரியாமல் போன தன் மக்களுக்காக 1462இல் ஸ்பானிய மொழியில் மார்க்கச் சட்டச் சுருக்கமொன்றை எழுதினார். அதில் தன் சமூகத்தை அவரே 'கஸ்தீலியாவின் மோரோக்கள்' என்றுதான் குறிப்பிடுகிறார். பிறர் வைத்த பெயரில் ஓர் ஆலிம் தன் மக்களை எந்தக் கூச்சமுமின்றி அழைத்திருக்கிறார்.

1609க்கும் 1614க்கும் இடையில் மூன்று இலட்சத்தை அண்மித்த மொரிஸ்கோக்கள் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கட்டளையிட்டவர் மூன்றாம் பிலிப் மன்னர். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஒரே முடியின் கீழ் இருந்தன என்பதை இங்கே மறக்கக் கூடாது. 1626இல் இலங்கையில் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அரியணையில் இருந்தவர் அந்த பிலிப்பின் மகன். வெளியேறியோரைக் கண்டி மன்னன் செனரத் ஏற்று, அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவெய்ரோஸ் எழுதியிருக்கிறார். பதினேழு வருட இடைவெளியில் ஒரே முடியின் கீழ், ஒரே சொல்லால் அழைக்கப்பட்ட இரு மக்கள், வீடுவாசலை விட்டுப் புறப்பட்டார்கள்.

ஆகவே மகளுக்குரிய பதில் இதுதான். போர்த்துக்கேயர் நம் கரைக்கு வந்தபோது நமது பூர்வீகத்தை விசாரித்துப் பெயர் வைக்கவில்லை. தம் நாட்டில் முஸ்லிமுக்கு இருந்த சொல்லைக் கப்பலில் கொண்டுவந்து நம்மீது வைத்தார்கள். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். குடிசன மதிப்பீட்டில் அது இனப்பெயராக உறைந்தது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் நமது இனத்துவம் பற்றிக் கட்டுரை எழுதி, நாம் இனத்தால் தமிழரே என்றதும், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதியதும் இந்தப் பெயரை நடுவில் வைத்துத்தான். மூர் என்ற சொல்லிலிருந்து மொரோக்கோவைத் தேடுவது வீண் வேலை. அச்சொல் நமது வேரைப் பற்றி எதையும் சொல்லாது; அழைத்தவனின் வேரைத்தான் சொல்லும்.

'சோனகர்' மட்டும் நாமே வைத்த பெயரா? அதுவும் 'யவனர்' என்பதன் வழியில் வந்த சொல். முதலில் கிரேக்கரைக் குறித்து, பின்னர் மேற்கேயிருந்து கடல் வழி வந்த அரபிகளைக் குறித்து, கடைசியில் நம்மை வந்தடைந்தது. அதற்கும் அயோனியா என்ற ஊர்தான் வேர். ஆனாலும் அது நம்மோடு ஒரே மொழி பேசி, ஒரே சந்தையில் மீனும் நெல்லும் வாங்கியவர்கள் அழைத்த பெயர். அதனால் அது காதில் உறுத்துவதில்லை.

பிலிப்பைன்ஸில் ஸ்பானியர் 1565இல் காலூன்றியபோது, அங்கு கண்ட முஸ்லிம்களையும் பழக்கதோஷத்தில் 'மோரோ' என்றார்கள். முந்நூறு வருடத்துக்கு மேல் அது வசைச் சொல். மேடை நாடகங்களில் தோற்பதற்கென்றே 'மோரோ' பாத்திரம் வைத்தார்கள். 1970களில் அந்த மக்களே அதை எடுத்து, 'நாங்கள் மோரோ தேசம்' என்று தலைநிமிர்ந்தார்கள். 2019இல் வாக்கெடுப்பின் பின் அமைந்த சுயாட்சிப் பிரதேசத்தின் பெயரே 'பங்சமோரோ'.

இவ்வளவையும் மகளுக்குச் சொல்லி முடித்தபோது அவள் படிவத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

"அப்ப நான் என்னண்டு எழுதுற வாப்பா?"

"பத்திரத்தில இருக்கிறத எழுதுங்க மகள். ஆரும் கேட்டா, அந்தப் பேர் எங்கால வந்த எண்டு சொல்லத் தெரிஞ்சா போதும்."

என் பழைய மாணவர்கள் எவரேனும் இதை வாசித்தால், வகுப்பில் நான் சொன்ன மொரோக்கோக் கதையை இத்தோடு அழித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.