யார் சம்மதம் வேண்டும்?

1943இல் மலாயாவில் சுபாஷ் சந்திர போஸின் பேச்சைக் கேட்ட ஜானகி என்ற பதின்பருவத்துத் தமிழ்ப்பெண், காதில் கிடந்த தங்கத் தோடுகளைக் கழற்றி இந்திய தேசிய ராணுவ நிதிக்குக் கொடுத்தார். பிறகு ஜான்சி ராணிப் படையில் சேரவேண்டும் என்றார். வீட்டில், குறிப்பாக அப்பாவிடமிருந்து, கடும் எதிர்ப்பு. பலவாறு பேசித்தான் அவரைச் சம்மதிக்க வைக்க முடிந்தது. தோட்டைக் கழற்ற ஜானகி யாரையும் கேட்கவில்லை. தன்னைக் கொடுக்க முன்வந்தபோதோ அப்பாவைக் கேட்கவேண்டியிருந்தது. அன்று முதல் இன்றுவரை, ராணுவப் பயிற்சிக்கூடத்தின் வாசலில் நிற்கும் இந்தியப் பெண்ணைப் பற்றிய வரலாறு பெரிதும் இந்தச் சம்மதத்தின் வரலாறுதான்.

ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. சென்னையில் பிறந்து மருத்துவம் படித்த லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் சீவப் போன தமிழ்ப்பெண்கள். அவர்கள் கால்சட்டை அணிந்து அணிவகுத்தார்கள், துப்பாக்கி சுடக் கற்றார்கள், 1944இல் பர்மாவின் மேம்யோ வரை போனார்கள். கேப்டன் லட்சுமியையும், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட அந்தப் பெண்ணையும் நம் பாடநூல்கள் ஒருவாறு நினைவில் வைத்திருக்கின்றன. தோட்டத்திலிருந்து போனவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? துரையும் கங்காணியும் ஏவிய கைகளில் துப்பாக்கி வந்து சேர்ந்த அனுபவத்தை அவர்கள் எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

வகுப்பில் புறநானூறு நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாட்டில் நின்றுவிடுவேன். முந்தைய போர்களில் உறவுகளை இழந்த பெண், எஞ்சியிருக்கும் ஒரே மகனின் தலையை வாரி, வேலைக் கையில் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். பாடியவரும் பெண். மூதின்முல்லை என்று துறை சொல்லி, மறக்குடி மகளிரின் வீரம் என்று தேர்வுக்கு எழுதுகிறோம். ஆனால் வேலைக் கொடுப்பது அவள், ஏந்துவது அவன். போரில் பெண்ணுக்கு மரபு ஒதுக்கிய வேலை அனுப்பிவைப்பதும் அழுவதும்தான். எங்கள் மல்லாங்கிணற்றுப் பேச்சு வழக்கிலும் பட்டாளத்துக்காரர் உண்டு, பட்டாளத்துக்காரர் சம்சாரம் உண்டு. பட்டாளத்துக்குப் போன பெண்ணுக்குச் சொல் இல்லை.

சுதந்திர இந்தியாவின் சட்டமும் அந்தச் சொல்லை உருவாக்கவில்லை. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டுக் குறிப்பிடும் பிரிவுகளைத் தவிர, முறையான ராணுவத்தில் சேரப் பெண் தகுதியற்றவள். செவிலியராகவும் மருத்துவராகவும் காயத்துக்குக் கட்டுப்போடலாம். மற்றவற்றுக்கு 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிம்லாவைச் சேர்ந்த பிரியா ஜிங்கன் அன்றைய ராணுவத் தலைமைத் தளபதி ரோட்ரிக்ஸுக்கே கடிதம் எழுதி, பெண்களையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டது இன்று எல்லோரும் அறிந்த கதை. அந்த ஆண்டு செப்டம்பரில் நம் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பெண்களுக்குப் பயிற்சி தொடங்கியது. பிரியா, முதல் எண் பெற்ற பயிற்சி மாணவி. 1993 மார்ச்சில் 25 பெண்கள் அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். தொடக்கத்தில் பணிக்காலம் ஐந்து ஆண்டுகள் மட்டுமே. பின்னர் நீட்டித்தார்கள் என்றாலும், ஓய்வுபெறும் வயதுவரை பணியாற்றும் நிரந்தர ஆணையம் பெரும்பாலான பிரிவுகளில் ஆண்களுக்கே உரியதாக இருந்தது.

அதைக் கேட்டுப் பெண் அதிகாரிகள் நீதிமன்றம் போனார்கள். 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றத்தில் அரசு வைத்த வாதங்களில் ஒன்று நம்மை நேராகத் தொடுகிறது: படைவீரர்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வருகிறவர்கள், பெண்ணின் கட்டளையை ஏற்க அவர்கள் மனம் பழகவில்லை. பழி கிராமத்தின்மேல்! எங்கள் ஊர்ப்பக்கம் ஆடு காணாமல் போனாலும் வரப்புத் தகராறு வந்தாலும் காவல் நிலையத்தில் பெண் எஸ்.ஐ. முன்னால் கைகட்டி நின்று மனுக் கொடுக்கும் ஆண்களைப் பார்த்துத்தான் வளர்ந்த தலைமுறை இது. தமிழகத்தில் 1973 முதல் பெண் காவலர்கள் இருக்கிறார்கள். 1992இல், பரங்கிமலைக் கதவு திறந்த அதே ஆண்டில், சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. கிராமத்து ஆண் பழகிக்கொண்டான், பழகாதது டெல்லி. 2020 பிப்ரவரி 17 அன்று பபிதா புனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தைப் பாலினம் பற்றிய தேய்ந்த கற்பிதம் என்று தள்ளியது.

அடுத்த கதவு புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்புக் கழகம், சுருக்கமாக என்.டி.ஏ. பிளஸ் டூ முடித்த பையன்கள் மட்டும் எழுதிவந்த தேர்வைப் பெண்களும் எழுதலாம் என்று 2021 ஆகஸ்ட் 18 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஏற்பாடு செய்ய அவகாசம் வேண்டும், 2022 மே முதல் வைத்துக்கொள்கிறோம் என்று அரசு கேட்டது. நீதிமன்றம் தள்ளிப்போட மறுத்தது. அந்த நவம்பர் 14ஆம் தேதித் தேர்வுக்கு 1,77,000க்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்திருந்தார்கள். எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் 1,002 பேர். அவர்களுக்கு இருந்த இடங்கள் 19. அந்த அணியில் 17 பெண்கள் மூன்றாண்டுப் பயிற்சி முடித்து 2025 மே 30 அன்று வெளியே வந்தார்கள். பெண்களுக்கு ஆர்வமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆனால் விருதுநகர் மாவட்டத்துப் பெண்ணுக்கு இந்தக் கதவு எவ்வளவு தூரம்? என்.டி.ஏ. எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத் திறனுக்கு 600. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். தேறினால் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, அதற்கு 900. பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்குள் முடித்தாக வேண்டும். பட்டப்படிப்புக்குப் பிறகு பரங்கிமலைக்குப் போகும் வழி சற்று எளிது: சி.டி.எஸ். தேர்வில் ஆங்கிலமும் பொது அறிவும் போதும், கணிதம் கிடையாது. என்.சி.சி.யில் ‘சி’ சான்றிதழ் பெற்ற பட்டதாரிக்கு எழுத்துத் தேர்வே இல்லாத தனி வழியும் உண்டு. பி.ஏ. தமிழ் படிக்கும் பெண்ணும் விண்ணப்பிக்கலாம் என்று நான் சொன்னபோது என் வகுப்பில் பலர் நம்பவில்லை. பெண்களுக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை என்பதும் அவர்களுக்குப் புதிய செய்தி.

விண்ணப்பம் எளிது, தயாராவதுதான் கடினம். கழகத்துக்குள் நுழையுமுன் 2.4 கிலோமீட்டர் ஓடவும், தண்டால் எடுக்கவும், கயிறேறவும் உடலைப் பழக்கச் சொல்கிறது அறிவிக்கை. எங்கே ஓடுவது? பள்ளி மைதானம் மாலையில் பையன்களின் கிரிக்கெட்டுக்கு. விடியற்காலை ரோட்டில் ஓட அண்ணனோ அப்பாவோ பைக்கில் கூட வரவேண்டும். தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. பத்து வயதில் ஓடுவதை நிறுத்திவிட்டு, பதினேழில் ஓடு என்றால் எந்த உடல் கேட்கும்?

வெடிமருந்து பெண்ணின் கைக்கு ஆகாது என்று மட்டும் இந்த மண்ணில் யாரும் சொல்லிவிட முடியாது. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த நாளிலிருந்து சிவகாசி வளர்ந்தது பெரும்பாலும் பெண்களின் கையால். குச்சி அடுக்கியதும் பெட்டி ஒட்டியதும் சரம் பின்னியதும் அவர்கள்தான். இருட்டு விலகுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஏறிய குழந்தைகளிலும் பெண்பிள்ளைகளே அதிகம். 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிடும் அளவுக்கு அது நீண்டது. 2023 ஏப்ரலில் பரங்கிமலையிலிருந்து ஐந்து பெண்கள் முதன்முறையாகப் பீரங்கிப் படைக்குப் போனபோது நாடே வியந்தது. கரிமருந்து நெடி ஏறிய புடவையோடு வீடு திரும்பும் எங்கள் ஊர்ப் பெண்களை யார் வியந்தார்கள்?

என்.டி.ஏ.வில் சேரும்போது பெற்றோர் ஒரு சான்றில் கையெழுத்திட வேண்டும்: பயிற்சியில் பிள்ளைக்குக் காயம் நேர்ந்தால் அரசிடம் இழப்பீடு கோர மாட்டோம் என்று. இதை விளக்கியபோது, பயர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, “நான் வேலைக்குப் போறப்ப எவன் டீச்சர் எங்கிட்ட கையெழுத்துக் கேட்டான்?” என்றார். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 உயிர்கள் போன மாவட்டம் இது. மகளைப் பட்டாளத்துக்கு அனுப்ப அஞ்சும் வீடு, அவளை மருந்து அறைக்கு அனுப்ப அஞ்சுவதில்லை என்றால், காரணம் ஆபத்து இல்லை. எது பெண்ணுக்கான ஆபத்து, எது ஆணுக்கான ஆபத்து என்ற பழைய பங்கீடுதான்.

ராணுவம் பெண் விடுதலையின் கோயில் என்று நான் சொல்லவரவில்லை. 2004 ஜூலையில், மனோரமாவின் மரணத்துக்கு நீதி கேட்டு, இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் ஆடையின்றி நின்ற பன்னிரண்டு தாய்மார்களை எந்தப் பெண்ணியக் கட்டுரையும் மறந்துவிட்டு ராணுவத்தைப் பற்றிப் பேச முடியாது. உள்ளே போனவர்களுக்கும் நீதி தாமதமாகத்தான் வந்தது. திருமணம் செய்ததற்காக 1988இல் பணிநீக்கப்பட்ட ராணுவச் செவிலியர் செலினா ஜானுக்கு 60 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2024இல்தான் உத்தரவிட்டது. காலாட்படைக்கும் கவசப் படைக்கும் கதவு இன்னும் மூடியே இருக்கிறது. போரை வெறுக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. ஆனால் வேண்டாம் என்று அவளே சொல்வதும், அவளுக்காக வேறொருவர் சொல்லிவிடுவதும் ஒன்றில்லை.

ஆகவே ஆசிரியர்களாக இருக்கும் தோழிகளிடம் கேட்பது இவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பிலேயே இந்தத் தேர்வுகளின் பெயரைச் சொல்லுங்கள். மைதானத்தில் மாலை ஒரு மணி நேரத்தைப் பெண்பிள்ளைகளுக்கென்று எழுதி ஒட்டுங்கள். வினாத்தாள் தமிழிலும் வேண்டும் என்று குரல் கொடுங்கள். அம்மாக்களை அழைத்துப் படிவத்தை வரிக்கு வரி படித்துக் காட்டுங்கள். போவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண் முடிவு செய்யட்டும்.