சித்தாளின் தலையிலிருந்து கிரேனுக்கு



வில்லியனூர், பாகூர் சேரிகளிலிருந்து விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு பேருந்து ஏறும் சித்தாள் பெண்களை நீங்கள் அறிவீர்கள். உங்களில் சிலருக்கு அவர்கள் அம்மா. அவர்கள் தலையில் சுமந்த செங்கல்லும் ஜல்லியும்தான் இன்று புதுச்சேரி நகரமாக நிற்கின்றன. இப்போது சுவரும் தளமும் ஆலையில் வார்க்கப்பட்டு, லாரியில் வந்து, கிரேனில் ஏறுகின்றன. பாரம் இறங்கியது நல்லதுதான். கூடவே இருந்த ஆபத்து யார் தலைக்கு மாறியது?

லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பை, ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டினார்கள். 1968 மே 16 அன்று 18ஆவது மாடி வீடொன்றில் எரிவாயு வெடித்தது. ஒரு சுவர்ப்பலகை விலகியதும் கட்டடத்தின் ஒரு மூலையே சரிந்தது. நால்வர் இறந்தனர். பலகைகளைச் சேர்க்கும் இணைப்புகளில்தான் பலவீனம் இருந்தது. வடிவமைத்தவர், ஆலை, ஒப்பந்ததாரர், நகராட்சி என்று பொறுப்பாளிகள் பலர். உயிரை விட்டதோ அங்கே குடியிருந்த சாதாரண மக்கள்.

பழைய முறையும் நம்மைக் காப்பாற்றவில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புக்கு வந்த கட்டடத் தொழிலாளர்கள். ஆகவே இயந்திரத்தை எதிர்ப்பது நம் வேலையல்ல. 2022 மே மாதம் பெரும்பாக்கத்தில், ஆலையில் வார்த்த பாகங்களால் கட்டிய 1,152 வீடுகள் திறக்கப்பட்டன. அவை விழும் என்று நான் சொல்லவில்லை. புதுமுறையின் பரிசோதனை பெரும்பாலும் ஏழையின் வீட்டில் தொடங்குவது ஏன் என்று கேட்கிறேன்.

இன்னோர் ஆபத்து சட்டத்துக்குள் இருக்கிறது. தமிழகத்தில் 1979 முதல் சங்கம் கட்டிப் போராடியவர்களும் நாடெங்கும் அவர்களோடு சேர்ந்தவர்களும் பெற்றுத் தந்தது 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம். கட்டுமானச் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரை தீர்வை, நலவாரியம், ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியே வந்தவை. ஆனால் தொழிற்சாலைச் சட்டத்துக்கு உட்பட்ட வேலையை அச்சட்டம் தன் வரையறையிலிருந்து விலக்கியது. அதே கம்பி, அதே சிமென்ட், அதே கைகள். வேலை ஆலைக்குள் போனதும் அவர் நலவாரியத்துக்கு வெளியே. ஆலையில் ஈ.எஸ்.ஐ. உண்டே என்பார்கள். பதிவேட்டில் பெயர் இருந்தால் உண்டு. ஒப்பந்தக் கூலியின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? தொழிலாளர் சட்டங்களைத் தொகுப்புகளாக மாற்றி எழுதிய இக்காலத்தில், அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று படித்துச் சொல்வது மாணவர்களின் கடமை.

கேட்பதற்கு நம் கொம்யூனில் ஆள் வேண்டும். புதுச்சேரியில் 38 ஆண்டுகள் கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தபின் பத்தாண்டுக்கு மேல் தேர்தலே இல்லை. தொகுப்பு வீட்டின் தளம் ஒழுகினால்கூட, நாம் தேர்ந்தெடுத்தவரிடம் போய்ச் சொல்ல வழியில்லாமல் போனது.

எனவே நம் ஊருக்கு அரசு வீடு வரும்போது மூன்று கேள்விகள் கேட்போம். இணைப்புகளைச் சோதித்துக் கையெழுத்திடுபவர் யார்? வேலை செய்பவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? தலைச்சுமையை இழந்த சித்தாளுக்குப் புதிய வேலையில் பயிற்சி உண்டா? அஸ்திவாரம் தோண்டும் முன்பே கேட்போம்.

ஜெய் பீம்.